டாக் எக்ஸ்டெண்ட்ஸ் அனிமலும் பழவேற்காட்டுப் பிள்ளைங்களும்

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் காரமான பதிவு. ப்ரோக்ராமிங் வாசனையே ஆகாதுங்கறவங்களும் தைரியமா படிக்கலாம். பாதிக்குப் பாதி படகும் வலையும்தான் வரும்.

"அவனுக்கு லாஜிக் வராதுங்க."

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்கள்ல இருந்து பஸ் ஏறி, பொன்னேரி தாண்டி இன்ஜினியரிங் படிக்கப் போற பிள்ளைங்களைப் பத்தி இந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்லை. வாத்தியார் சொல்றார். லேப்ல இருக்கறவர் சொல்றார். கடைசியில அந்தப் பிள்ளையே சொல்ல ஆரம்பிச்சிடுது: "எனக்கு கோடிங் செட் ஆகாதுண்ணா, வேற ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க." வீட்டுல முதல் பட்டதாரி அது. இறால் வித்த காசும் குழுக் கடனும் ஃபீஸா போயிருக்கு. அந்த வீட்டுல போய் லாஜிக் இல்லைன்னு சொல்லிட்டு வர்றது சாதாரண விஷயம் இல்லை மக்களே.

எதை வச்சு இந்தத் தீர்ப்புன்னு பார்த்தா, பெரும்பாலும் ஒரே இடத்துலதான் வந்து நிக்குது. ரெண்டாம் வருஷ ஓஓபி பேப்பர். கிளாஸ், ஆப்ஜெக்ட், கன்ஸ்ட்ரக்டர்.

ஆபீஸ்ல ஆணி புடுங்கற நேரம் போக, அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க சில பேர் அனுப்பற ப்ரோக்ராம்களைத் திருத்திக் கொடுத்துக்கிட்டு இருக்கேன். திரும்பத் திரும்ப வர்றது அதே அஞ்சாறு தப்புதான். அதுல ஒண்ணு கூட லாஜிக் இல்லாததால வந்ததில்லை. சிலது லாஜிக் அதிகமா இருக்கறதால வந்த தப்பு. எப்படின்னு சொல்றேன்.

கன்ஸ்ட்ரக்டர் என்றால் என்ன? ரெண்டு மார்க். பதில் எல்லாருக்கும் மனப்பாடம்: கிளாஸ் பேரே அதுக்கும் பேரா இருக்கும், ரிட்டர்ன் டைப் இருக்காது, ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானா கூப்பிடப்படும். முழு மார்க். ஆனா இது என்ன தெரியுமா? அங்க அடையாளம். காணாமல் போனவர் விளம்பரத்துல 'மாநிறம், வலது கன்னத்தில் மச்சம்'னு போடற மாதிரி. ஆள் என்ன வேலை பார்க்கறார், அவர் இல்லாட்டி யாருக்கு என்ன நஷ்டம்னு ஒரு வார்த்தை கிடையாது.

அடுத்து உதாரணம். அனிமல்னு ஒரு கிளாஸ். டாக் எக்ஸ்டெண்ட்ஸ் அனிமல். டாக் குரைக்கும், கேட் கத்தும். கல்லூரிக்குக் கல்லூரி இதே நாய்தான். இந்த நாய் மேலதான் எனக்கு முதல் கோபம். அந்த நாய்க்குப் பேர் வைக்காம விட்டா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. பேர் இல்லாமலே குரைக்கும். எதுவுமே உடையாத ஒரு உதாரணத்தை வச்சு, உடையாம காப்பாத்தற ஒரு விஷயத்தை எப்படிங்க புரிய வைப்பீங்க?

இதையே குப்பத்துப் பிள்ளைகிட்ட படகுன்னு சொல்லிப் பாருங்க. ஒட்டு சரியா காயாத பைபர் படகை, இன்ஜினை இன்னும் போல்ட் போட்டு முடுக்காத படகை, தண்ணியில தள்ளிட்டு 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு எவனாவது சொல்வானா? முகத்துவாரத்துல அலை அடிக்கற இடத்துல படகைக் கொண்டுபோற வீட்டுப் பிள்ளை அது. பாதிப் படகுன்னு ஒண்ணு கடல்ல இருக்கக் கூடாதுங்கறது அதுக்கு நாம சொல்லித் தரவேண்டிய பாடம் இல்லை. கன்ஸ்ட்ரக்டரோட முழு வேலையும் அந்த ஒரு வரிதான்: பாதி ஆப்ஜெக்ட் வெளியே போகக் கூடாது.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. ஸ்ட்ரவுஸ்ட்ரப் 1979-ல பெல் லேப்ஸ்ல 'சி வித் கிளாஸஸ்'னு ஆரம்பிச்சப்பவே இதுதான் எண்ணம். கிளாஸ்ல இருக்கற மத்த ஃபங்ஷன்கள் எந்த நிலைமையை நம்பி வேலை செய்யுதோ, அந்த நிலைமையை உருவாக்கித் தர்றது கன்ஸ்ட்ரக்டர். அப்போ அதுக்குப் பேரே 'நியூ'. கிளாஸ் பேரையே வைக்கறதெல்லாம் பின்னாடி வந்த ஏற்பாடு. நாம அந்தப் பேரை மட்டும் பிடிச்சிக்கிட்டு நிலைமையை விட்டுட்டோம்.

விட்டது மட்டுமா, அதுக்கு நேர் எதிராவும் சொல்லித் தர்றோம். நம்ம ஊர் லேப் மேனுவல்கள்ல சி++ கிளாஸ்னா அதுல ரெண்டு ஃபங்ஷன் கட்டாயம்: கெட்டேட்டா, புட்டேட்டா. முதல்ல காலியா ஒரு ஆப்ஜெக்ட். அப்புறம் கெட்டேட்டா கூப்பிட்டு ரொப்பறது. அப்புறம் புட்டேட்டால அச்சடிக்கறது. வாரக்கணக்குல இப்படியே பழக்கிட்டு ஒரு நாள் கன்ஸ்ட்ரக்டர் பாடம் வருது. அப்போ ஒரு பிள்ளை கேட்குது: "சார், அதான் கெட்டேட்டா இருக்கே, இது எதுக்கு?" அந்த வகுப்புல அன்னைக்கு கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. கிடைச்ச பதில், "சிலபஸ்ல இருக்கு, எழுதிக்கோ."

சரி, தப்புகளுக்கு வர்றேன். (கோடை எல்லாம் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன். அப்படியே கம்பைல் பண்ணிட்டு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க.)

நான் அதிகமா பார்க்கறது ஜாவால இது: 'வாய்ட் படகு(ஸ்ட்ரிங் பெயர்)'. கன்ஸ்ட்ரக்டருக்கு முன்னாடி வாய்ட். இதைத்தான் 'லாஜிக் இல்லை'ன்னு சிவப்பு மையால சுழிச்சிருந்தாங்க. யோசிச்சுப் பாருங்க. அதுவரைக்கும் அந்தப் பிள்ளை எழுதின ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும், எதையும் திருப்பித் தராட்டி வாய்ட் போடணும்னு சொல்லிக் கொடுத்திருக்கீங்க. கன்ஸ்ட்ரக்டர் எதையும் ரிட்டர்ன் பண்ற மாதிரி தெரியலை, அதனால வாய்ட் போட்டிருக்கு. இது லாஜிக் இல்லாட்டி வேற எதுங்க லாஜிக்? ரிட்டர்ன் டைப் ஏன் இல்லைன்னு யாராவது சொல்லியிருந்தா இந்தத் தப்பே வந்திருக்காது. புதுப் படகைக் கையில தர்றது 'நியூ'வோட வேலை. கன்ஸ்ட்ரக்டர் அந்தப் படகுக்கு உள்ளேயே உட்கார்ந்து வேலையை முடிக்கற ஆசாரி. ஆசாரி படகைத் தூக்கி உங்க கையில கொடுக்கறதில்லை.

இதுல சி++ பரவாயில்லை, அங்கேயே நிறுத்தி எரர் சொல்லிடும். ஜாவா கமுக்கமா இருக்கும். வாய்ட் போட்டா அது கிளாஸ் பேரையே வச்சிருக்கற ஒரு சாதாரண மெத்தட், அவ்வளவுதான். காலி அடைப்புக்குறியோட நியூ போட்டா சத்தமில்லாம ஓடும், உள்ளே பேர் நல். பேரைக் கொடுத்து நியூ போட்டா 'அப்படி ஒரு கன்ஸ்ட்ரக்டரே இல்லையே'ன்னு திட்டும். பிள்ளை திரையைப் பார்க்கும். கண் எதிர்ல கன்ஸ்ட்ரக்டர் இருக்கு. கம்பைலர் இல்லைங்குது. அந்த நிமிஷத்துலதான் 'எனக்கு செட் ஆகாது' பிறக்குது.

பைத்தான்ல இதோட அண்ணன் தம்பி ஒண்ணு இருக்கு. 'இனிட்'டுக்கு முன்னாடி ரெண்டு அடிக்கோடு, பின்னாடி ரெண்டு அடிக்கோடு. அச்சடிச்ச புத்தகத்துல ரெண்டும் ஒட்டி ஒரே நீளக் கோடாத்தான் தெரியும். பிள்ளை ஒத்தைக் கோடு போடுது. பைத்தானுக்கு அது யாரோ எவரோ. பேரைக் கொடுத்தா, 'நான் எதையும் வாங்கிக்கறதில்லையே'ன்னு பதில் சொல்லும். இது கண்ணாடிக் கடைக்காரர் விவகாரம், லாஜிக்குக்கு என்ன சம்பந்தம்? (டச்சுக்காரங்களுக்கும் பழவேற்காட்டுக்கும் ராசியே இல்லை போல. 1613-ல கெல்டிரியா கோட்டை கட்டினாங்க. 1991-ல இன்னொரு டச்சுக்காரர் பைத்தானை வெளியிட்டார். 2019-ல அது பிளஸ் டூ பாடமாவே வந்து சேர்ந்துடுச்சு.)

அடுத்தது 'பெயர் = பெயர்'. இதைப் பார்த்துச் சிரிச்ச ஒரு ஆசிரியரை எனக்குத் தெரியும். சிரிக்கறதுக்கு என்ன இருக்கு? குப்பத்துல ஒரே பேர்ல நாலு பேர் இருப்பாங்க. வீட்டுக்குள்ள அந்தப் பேரைக் கூப்பிட்டா வீட்டுல இருக்கறவர் திரும்பிப் பார்ப்பார், நாலாவது தெருவுல இருக்கறவர் திரும்ப மாட்டார். கிட்ட இருக்கறவருக்கே முதல் உரிமை. ஸ்கோப்னா இவ்வளவுதான். கன்ஸ்ட்ரக்டருக்குள்ள 'பெயர்'னு கூப்பிட்டா, அடைப்புக்குறி வழியா இப்போ உள்ளே வந்த பெயர்தான் ரெண்டு தடவையும் திரும்பும். படகோட பெயர் வெளியே காத்துக்கிட்டே நிக்கும். 'திஸ் டாட் பெயர்'னு எழுதினா 'என்னோட பெயர்'னு அர்த்தம். இதைச் சொல்ல எனக்கு ஆன நேரம் ஒரு டீ ஆறற நேரம் கூட இல்லை.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச தப்பு. பைத்தான்ல கிளாஸ் படகுன்னு எழுதி, 'இனிட்'டுக்கு வெளியே, கிளாஸ் மட்டத்துலயே 'பிடி'ன்னு ஒரு காலி லிஸ்ட் வைக்கறது. முதல் படகுல இறாலைச் சேர்த்தா ரெண்டாவது படகுலயும் இறால் இருக்கும். ஏன்னா இருக்கறது ஒரே லிஸ்ட், எல்லாப் படகுக்கும் பொது. ஜாவால அதே தப்பு ஸ்டாட்டிக் போட்டு வரும்.

இதைப் பழவேற்காட்டுல விளக்கறதுக்கு நாய் எதுக்கு? பாடு இருக்கே! தெரியாதவங்களுக்கு: ஏரியில வலை கட்டறதுக்கு நல்ல இடங்கள் குறைவு. எல்லாரும் ஒரே இடத்துக்கு ஓடினா அடிதடிதான். அதனால எந்த இடத்துல எந்த நாள் யார் வலை கட்டலாம்னு ஊர் கூடி, சீட்டு போட்டு, முறை வச்சுக்கறாங்க. அதுதான் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம்னு மூணு ஊரும் இந்த முறைக்குப் பேர் போனவை. ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு 1991-ல செபாஸ்டியன் மேத்யூ எழுதின ஒரு தனி ஆய்வாவே இதை வெளியிட்டிருக்கு. இதுல எது பொது? இடம் பொது. முறைப் பட்டியல் பொது. எது தனி? இன்னைக்கு உங்க வலையில விழுந்த இறால் உங்களோடது, அடுத்த படகுக்காரர் அதுல கை வைக்க முடியாது. கிளாஸ் மட்டத்துல இருக்க வேண்டியது பாட்டு இடம். ஆப்ஜெக்டுக்குள்ள, கன்ஸ்ட்ரக்டர்ல உருவாக வேண்டியது பிடி. 'உங்க ஊர் இறால் எல்லாத்தையும் ஒரே கூடையில கொட்டிட்டு எனக்கு எவ்வளவுன்னு கேட்டா எப்படிச் சொல்வே?'ன்னு கேட்டேன். பிள்ளை அந்த லிஸ்டைத் தானாவே 'இனிட்'டுக்குள்ள தூக்கி வச்சுது. லாஜிக் இல்லாத பிள்ளை!

பாட்டைப் பத்தி பேசும்போது மறைக்கக் கூடாத ஒரு விஷயமும் இருக்கு. யார் வேணும்னாலும் முறைப் பட்டியல்ல பேரைச் சேர்த்துட முடியாது. உறுப்பினர் ஆகத் தகுதி என்னன்னு ஊர் வாசல்லயே கேட்கும், தகுதி இல்லாட்டி அங்கேயே திருப்பி அனுப்பும். கன்ஸ்ட்ரக்டர்ல சோதனை வச்சு, ஒத்து வராததுக்கு எக்ஸெப்ஷன் வீசறது அச்சு அசல் இதுதான். உள்ளே விட்டுட்டு அப்புறம் விசாரிக்கற பேச்சே இல்லை. ஆனா அந்த வாசல்ல சாதி பார்த்துத் திருப்பி அனுப்பப்பட்டவங்களும் அந்த ஏரிக்கரையிலதான் இருக்காங்க. அவங்க வீட்டுப் பிள்ளையும் எனக்கு கோட் அனுப்புது. சோதனை வைக்கறது வேற, என்ன சோதனைங்கறது வேற. பாடு ஒரு நல்ல உதாரணம்னு சொன்னேனே தவிர, நியாயமான ஏற்பாடுன்னு சொல்லலை. உடனே பின்னூட்டத்துல கும்மி அடிக்க வேண்டாம்.

சி++ பக்கம் வந்தா பெரிய தலைவலி காப்பி. படகு கிளாஸுக்குள்ள வலைக்கு ஒரு பாயிண்டர். 'படகு இரண்டு = ஒன்று'ன்னு எழுதினா கம்பைலர் தானா ஒரு நகல் எடுத்துத் தரும். ஆனா அது நகல் எடுக்கறது பாயிண்டரைத்தான், வலையை இல்லை. ரெண்டு படகு, ஒரே வலை. முதல் படகு வேலை முடிஞ்சு போகும்போது டெஸ்ட்ரக்டர் வலையைப் பிரிச்சுப் போட்டுடும். ரெண்டாவது படகு போகும்போது இல்லாத வலையைப் பிரிக்கப் போகும், ப்ரோக்ராம் அவுட். டெஸ்ட்ரக்டர் எழுதினா காப்பி கன்ஸ்ட்ரக்டரும் அசைன்மெண்ட்டும் சேர்த்து யோசிக்கணும்னு சொல்றது இதுக்குத்தான். ஜாவால 'இரண்டு = ஒன்று' போட்டா அது நகலே கிடையாது, ஒரே படகுக்கு ரெண்டு பட்டப்பேர்.

சின்னச் சின்னதா இன்னும் இருக்கு. சி++-ல 'படகு ப();'ன்னு எழுதினா ஆப்ஜெக்ட் வராது; படகைத் திருப்பித் தர்ற ப-ங்கற ஃபங்ஷன் பின்னாடி வருதுன்னு கம்பைலர் எடுத்துக்கும். அனுபவசாலிகளே வழுக்கற இடம் இது. அடுத்தது, ஒரு கன்ஸ்ட்ரக்டரை நாமளே எழுதிட்டா கம்பைலர் இலவசமா தந்த காலி கன்ஸ்ட்ரக்டர் காணாமப் போயிடும். அது தெரியாம அந்த கிளாஸை எக்ஸ்டெண்ட் பண்ணினா, வழி கிளாஸோட கன்ஸ்ட்ரக்டர் முதல்ல தாய் கிளாஸோட காலி கன்ஸ்ட்ரக்டரைத் தேடும், கிடைக்காது, எரர். ஏரா வைக்காம, அதாவது அடிமரம் வைக்காம, பக்கப் பலகை அடிக்க முடியுமான்னு கேளுங்க. தாய் ஏன் முதல்ல கட்டப்படணும்னு உடனே புரியும்.

மொழி விஷயத்துக்கு வர்றேன், இது நம்ம பதிவுலகத்துக்கான பகுதி. பள்ளிக்கூடத்துல தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளை இதையெல்லாம் ஏற்கெனவே படிச்சிருக்கு. 2018-ல வந்த பிளஸ் ஒன் கணினி அறிவியல்ல சி++ உண்டு. கிளாஸுக்கு இனக்குழு, ஆப்ஜெக்டுக்குப் பொருள், கன்ஸ்ட்ரக்டருக்கு ஆக்கி, டெஸ்ட்ரக்டருக்கு அழிப்பி. இனக்குழுன்னா எனக்கு மானிடவியல் புத்தகம்தான் ஞாபகம் வருது, அதுல எனக்குச் சண்டை உண்டு. ஆனா ஆக்கி அருமையான சொல். சோறு ஆக்கறதுங்கறோம். ஆக்கி இறக்கற வரைக்கும் அது அரிசிதான், சோறு இல்லை. கன்ஸ்ட்ரக்டர் முடியற வரைக்கும் அது ஆப்ஜெக்ட் இல்லைங்கறதை இதைவிட எப்படிச் சொல்ல? ஆனா கல்லூரி வாசல்ல அந்தச் சொல்லைப் பிடுங்கி வச்சுக்கிட்டு கன்ஸ்ட்ரக்டர்னு ஒரு புதுப் பூதத்தைக் காட்டறாங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? தெரிஞ்ச ஒண்ணைத் தெரியாததா மாத்திக் காட்டிட்டு, தெரியலைன்னு மார்க்கைக் குறைக்கறாங்க.

'நாய்தான் எல்லாருக்கும் தெரியும், படகு எல்லாருக்கும் தெரியாதே'ன்னு ஒரு நண்பர் வாதம் பண்ணினார். சரி, சேலத்துல தறி வைங்க, சிவகாசியில தீப்பெட்டி வைங்க. இந்த விஷயமே நிஜ உலகத்து வேலையைக் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்க்கப் பிறந்ததுதானே? நார்வேயில டாலும் நைகார்டும் 1960-கள்ல சிமுலா மொழியைச் செஞ்சது வரிசை, காத்திருப்பு, சரக்குன்னு நிஜ வேலைகளை சிமுலேட் பண்ண. அதுக்காக 2001-ம் வருஷத்து டூரிங் விருதும் கிடைச்சுது. பாட்டு முறையை அவங்ககிட்ட காட்டியிருந்தா அன்னைக்கே ப்ரோக்ராம் எழுதியிருப்பாங்க. குரைக்கற நாயை வச்சு அவங்க என்ன பண்ணியிருப்பாங்க?

இன்னொருத்தர் சொன்னார்: "இப்ப எல்லாம் எரரை சாட்ஜிபிடில போட்டா திருத்திக் கொடுத்துடுது, இது எதுக்கு வீண் புலம்பல்?" திருத்தும், மறுக்கலை. வாய்டை எடுத்துடும், திஸ் சேர்த்துடும், ப்ரோக்ராம் ஓடும். வீட்டுல கூப்பிட்டுக் காட்டலாம். ஆனா இன்டர்வியூ நடத்தறவர் பேப்பரைத் தள்ளி 'ரிட்டர்ன் டைப் ஏன் இல்லை?'ன்னு கேட்கும்போது எதிர்ல இருக்கறது பிள்ளை மட்டும்தான். இங்கிலீஷ் மீடியப் பிள்ளைக்கும் அதே கதிதான், ஆனா அதுக்கு மூணு நிமிஷம் பேசிச் சமாளிக்கத் தெரியும். நம்ம பிள்ளை வாயை மூடிக்கும். அங்கே மறுபடியும் எழுதுவாங்க, லாஜிக் இல்லைன்னு.

ஆசிரியர்களுக்குச் சம்பளம் குறைவு, வேலைப் பளு அதிகம், சிலபஸை அவங்க தீர்மானிக்கறதில்லை. தெரியும். ஆனா உதாரணத்தை மாத்த யாரோட கையெழுத்தும் வேண்டாம். இன்டர்னல் பரீட்சையில 'கன்ஸ்ட்ரக்டரின் வகைகளை விளக்குக'வைத் தூக்கிட்டு, கீழே இருக்கற மாதிரி ஒண்ணைக் கொடுக்கலாம். போன வாரம் மூணு பிள்ளைங்களுக்கு அனுப்பினேன், மூணு பேரும் பத்து நிமிஷத்துக்குள்ள பதில் போட்டுட்டாங்க. ஜாவா. மூணு தப்பு இருக்கு, மூணும் மேலே சொன்னதுதான்.

கிளாஸ் படகு {
ஸ்ட்ரிங் பதிவெண்;
ஸ்டாட்டிக் இன்ட் பிடிகிலோ;
வாய்ட் படகு(ஸ்ட்ரிங் பதிவெண்) {
பதிவெண் = பதிவெண்;
}
}

சக பொட்டிதட்டிகள் பின்னூட்டத்துல விடை சொல்லக் கூடாது. கவிதை எழுதறவங்களும் சினிமா விமர்சனம் எழுதறவங்களும் மட்டும் சொல்லுங்க, பார்ப்போம்.